மதர்போர்டில் கபாசிட்டர் மாற்றம்: உப்பியதை மட்டுமா, எல்லாவற்றையுமா?

பழைய கணினி ஒன்று காரணமே தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. கேஸைத் திறந்தால், மதர்போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கபாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கி, மின்னழுத்தத்தைச் சீராக்கும் சின்ன உருளைகள்) இரண்டு மூன்றின் தலை உப்பியிருக்கிறது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. கோளாறு என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனால் முடிவெடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அப்படியே ஓட்டுவதா, போர்டையே மாற்றுவதா, கபாசிட்டரை மாற்றுவதா? மாற்றினால் உப்பியதை மட்டுமா, எல்லாவற்றையுமா? பழையபடி உள்ளே திரவம் உள்ள வகையா, திரவமே இல்லாத பாலிமர் வகையா? நாமே செய்வதா, கைதேர்ந்தவரிடம் கொடுப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை மாற்றுவது என்பதைக் கபாசிட்டரின் தலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது எந்த மின்பாதையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பாதையில் இணையாக உழைக்கும் கபாசிட்டர்கள் எல்லாம் ஒரு செட். மாற்றினால் செட்டோடு மாற்ற வேண்டும். இல்லையென்றால் அந்த செட்டைத் தொடவே வேண்டாம்.

உப்புவது ஏன்

அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தாள்களும், அவற்றுக்கு நடுவே எலக்ட்ரோலைட் திரவத்தில் ஊறிய காகிதமும் சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. வருடம் போகப்போகத் திரவம் அந்த அடைப்பின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கொள்ளளவு குறைகிறது. அதைவிட முக்கியம், ஈஎஸ்ஆர் எனப்படும் உள்மின்தடை ஏறுகிறது. உள்மின்தடை ஏறினால் அதே ரிப்பிள் மின்னோட்டத்துக்கு (வேகமாக ஏறி இறங்கும் மின்னோட்டம்) கூடுதல் சூடு. சூடு கூடினால் திரவம் இன்னும் வேகமாகக் காயும். உள்ளே வாயுவும் சேர்ந்தால், அதற்கென்றே தலையில் போட்டிருக்கும் கீறல் உப்பித் திறந்துகொள்கிறது.

இது இயல்பான முதுமை. பிறவிக் கோளாறு என்று இன்னொன்று உண்டு. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை, முக்கியமாகத் தைவான் நிறுவனங்கள் தயாரித்த ஏராளமான கபாசிட்டர்களில் தண்ணீர் அதிகமுள்ள எலக்ட்ரோலைட் இருந்தது. அந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்காமல் தடுக்கும் சேர்மானம் சரியாக அமையவில்லை. அலுமினியமும் தண்ணீரும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி, புதிய போர்டுகளே ஒன்றிரண்டு வருடத்தில் உப்பின. பென்டியம் 3, பென்டியம் 4, ஆத்லான் எக்ஸ்பி காலத்துப் போர்டுகள் பலவற்றில் இந்த வகைதான் இருக்கும். பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனங்களும் முழுக்கத் தப்பவில்லை. நிச்சிகானின் எச்எம், எச்என் தொடர்களில் 2001 முதல் 2004 வரை வந்தவை உப்பியது பலரும் அறிந்தது.

இந்த வேறுபாடுதான் முடிவை மாற்றுகிறது. நல்ல தொடரில் ஒன்று மட்டும் உப்பியிருந்தால், பக்கத்தில் மாஸ்ஃபெட் எனப்படும் மின்சுவிட்ச் சிப்போ, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கோ அதைச் சுட்டிருக்கலாம். பிறவிக் கோளாறு உள்ள தொடர் என்றால், இன்று தட்டையாக இருப்பதும் நாளை உப்பும். அதனால் உப்பியதன் மேல் உள்ள பெயரையும் தொடரையும் முதலில் படியுங்கள். அதே பெயர் போர்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிடலாமா, போர்டையே மாற்றலாமா?

ஓடும்வரை ஓடட்டும் என்ற வழி, உப்பிய போர்டுக்குப் பொருந்தாது. ஒன்று செயலிழந்தால் அதன் பங்கு ரிப்பிளைப் பக்கத்தில் இருப்பவை சுமக்கின்றன; அவையும் சீக்கிரம் போகின்றன. அதற்குள் பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தம் ஆட்டம் காணும். ஹார்ட் டிஸ்கில் எழுதும்போது கணினி தொங்கினால் ஃபைல்கள் கெடும். கடைசியில் மாஸ்ஃபெட்டும் எரிந்துவிட்டால், சின்ன வேலையில் முடிந்திருக்க வேண்டியது பெரிய வேலையாகிவிடும். வேறு எதற்கும் முன்னால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

ஆனால் உப்பவும் இல்லை, தொங்கவும் இல்லை, நல்ல தொடர் கபாசிட்டர்கள் என்றால், வயதாகிவிட்டதே என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பேன். பல அடுக்குப் போர்டில் சூடு காட்டுவது அபாயமில்லாத வேலை அல்ல. நன்றாக ஓடுகிற போர்டில் ஒரு பேட் (கபாசிட்டரின் கால் பற்றவைக்கப்படும் செம்பு வளையம்) பெயர்ந்து வந்துவிட்டால் அந்த இழப்புக்கு ஈடே கிடையாது.

போர்டை மாற்றுவது எப்போது சரி? அந்தக் கணினியில் இருப்பது தகவல்கள் மட்டும்தான், அவற்றை வேறு கணினிக்கு நகர்த்திவிடலாம் என்றால் தாராளமாக நகர்த்திவிடுங்கள். ஆனால் அதே மாடல் போர்டைப் பழையதாக வாங்கிப் போடுவதைத் தீர்வு என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் போர்டிலும் அதே வயது, அதே தொடர் கபாசிட்டர்கள்தான் இருக்கும். இன்னொரு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவருவது போன்றதுதான் அது.

ஐஎஸ்ஏ எனும் பழைய வகைக் கார்டு மூலம் இயங்கும் இயந்திரம், அந்தக் காலத்து அளவுக் கருவி, ஏஜிபி எனும் பழைய ஸ்லாட்டில் செருகும் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் விண்டோஸ் 98 விளையாட்டு என்று அந்தக் கணினியே வேண்டும் என்பவர்களுக்கு, கபாசிட்டர் மாற்றத்தை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அவர்களும் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஓடுகிறது, ஆனால் நிலையாக இல்லை என்ற போர்டில் வெற்றி வாய்ப்பு மிக அதிகம். உயிரே இல்லாத போர்டில் கபாசிட்டர் ஒரு காரணமாக மட்டும் இருக்கலாம். அதனால் இறங்குமுன் பிராசஸரைக் கழற்றிவிட்டு, மாஸ்ஃபெட்டுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

அப்புறம் பவர் சப்ளை. கணினி பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் பாதையில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டுக்குள்ளும், 5 மற்றும் 3.3 வோல்ட் பாதைகளில் 50 மில்லிவோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். போர்டோடு சேர்ந்து வயதான பவர் சப்ளை இதைத் தாண்டியிருந்தால், புதிதாகப் போடும் கபாசிட்டரையும் அதுவே தின்றுவிடும். முதலில் நல்ல பவர் சப்ளையில் ஓட்டிப் பாருங்கள். பழைய பவர் சப்ளையைத் திறந்து அதன் கபாசிட்டரையும் மாற்றலாம் என்ற ஆசை வரும். அதன் முதன்மைக் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்கவே கூடாது.

உப்பியதை மட்டுமா?

பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் ஒரே அளவுள்ள ஐந்தாறு கபாசிட்டர்கள் இணையாக நிற்கும். ஒரே நாளில் தொழிற்சாலையில் ஏறியவை, ஒரே சூட்டில் வாழ்ந்தவை. அவற்றில் இரண்டு உப்பியிருந்தால் மற்ற நான்கும் நலமாக இருக்கின்றன என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இரண்டை மட்டும் மாற்றினால் கணினி ஓடும், நிஜம்தான். ஆனால் சில மாதங்களில் மீண்டும் போர்டைக் கழற்றி, அதே இடத்தில் மீண்டும் சூடு காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் பேட் கொஞ்சம் பலம் இழக்கிறது. உப்பியதை மட்டும் மாற்றும் வழி கபாசிட்டர் செலவை மிச்சம் பிடித்து, போர்டின் ஆயுளைச் செலவழிக்கிறது.

தட்டையான தலையை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாயு எப்போதும் மேல் வழியாகவே போவதில்லை. சில சமயம் அடியில் உள்ள ரப்பரைத் தள்ளிவிடும். கபாசிட்டர் லேசாகத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கும். தலை பளபளவென்று இருக்கும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால்தான் அடியில் காய்ந்த படிவு தெரியும். சின்ன கபாசிட்டர்கள் பலவற்றில் தலைக் கீறலே கிடையாது, அவை உப்பிக் காட்டவும் மாட்டா.

மீட்டர் வைத்து அளந்துவிடலாமே என்றால், போர்டில் இருக்கும்போது அளப்பதில் பெரிய பயன் இல்லை. ஆறு கபாசிட்டர் இணையாக இருக்கும்போது ஈஎஸ்ஆர் மீட்டர் அவற்றின் கூட்டு மதிப்பையே காட்டும். இரண்டு நல்லவை போதும், நான்கு கெட்டவற்றை மறைக்க. கழற்றி அளந்தாலும் கொள்ளளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மின்கசிவு உள்ள கபாசிட்டர், சாதாரண மீட்டரில் எழுதியிருப்பதைவிட அதிகக் கொள்ளளவு காட்டுவது உண்டு.

அப்படியானால் போர்டில் உள்ள முப்பது நாற்பதையும் மாற்றிவிடலாமா? பெரும்பாலும் தேவையில்லை. முதலில் விஆர்எம்மிலிருந்து பிராசஸருக்குப் போகும் வெளியீட்டு செட், அடுத்து விஆர்எம்முக்கு மின்சாரம் வரும் பக்கத்தில் உள்ள உள்ளீட்டு செட். இந்த இரண்டும்தான் மிகக் கடுமையாக உழைப்பவை. பிறகு ரேம் ஸ்லாட்டை ஒட்டியவை, ஏஜிபி ஸ்லாட்டையும் சிப்செட்டையும் சுற்றியவை. ஐந்து வோல்ட் ஸ்டாண்ட்பை பாதையில் இருப்பவற்றை மறந்துவிட வேண்டாம். கணினியை அணைத்தாலும் சுவிட்ச்போர்டில் மின்சாரம் இருக்கும்வரை அவை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆடியோ பகுதியிலும் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு இடையிலும் இருக்கும் சின்னவற்றுக்கு அழுத்தம் குறைவு. அவை உப்பிய தொடரைச் சேராதவை என்றால் விட்டுவிடலாம். சேர்ந்தவை என்றால் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

திரவமா, பாலிமரா?

இதில்தான் விஷயம் ஆழமானது. அவசரப்பட்டு ஆர்டர் போடுபவர்கள் தவறுவதும் இங்கேதான்.

சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மேலே 105 டிகிரி என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அது மதர்போர்டுக்கு ஏற்றதாகிவிடாது. 105 டிகிரி என்பது எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஈஎஸ்ஆர் குறைவா என்பதைச் சொல்லவில்லை. அதற்கு உற்பத்தியாளரின் தரவுத்தாளில் 100 கிலோஹெர்ட்ஸில் கொடுத்திருக்கும் மின்மறுப்பையும் (ஈஎஸ்ஆரை ஒட்டிய மதிப்பு) ரிப்பிள் மின்னோட்டத்தையும் பார்க்க வேண்டும். கழற்றியதன் தரவுத்தாள் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மின்மறுப்பு சமமாகவோ குறைவாகவோ, ரிப்பிள் மின்னோட்டம் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் சரி.

குறைந்த ஈஎஸ்ஆர் திரவ வகையில் பானசோனிக் எஃப்ஆர், எஃப்எம், ரூபிகான் இசட்எல்எச் போன்ற தொடர்கள் நம்பிக்கையானவை. ஆனால் ஒரு சிக்கல். மதர்போர்டு விஆர்எம்முக்கென்றே 10 முதல் 20 மில்லிஓம் அளவில் செய்யப்பட்ட ரூபிகான் எம்பிஇசட், எம்சிஇசட் போன்ற திரவத் தொடர்கள் உற்பத்தியில் இல்லை. பழைய இருப்பாக எங்காவது கிடைக்கலாம், வாங்காதீர்கள். பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்த திரவ கபாசிட்டரில், அலுமினியத் தாளின் மேல் மின்காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். இன்று உற்பத்தியில் உள்ள பொதுவான தொடர்களில் அதே உருவத்துக்குள் அவ்வளவு குறைந்த ஈஎஸ்ஆர் கிடைப்பது கடினம்.

அதனால்தான் விஆர்எம் இடங்களில் நான் பாலிமர் பக்கம் சாய்கிறேன். அதன் ஈஎஸ்ஆர் பொதுவாக 5 முதல் 15 மில்லிஓம். உள்ளே திரவமே இல்லை, காய்ந்துபோக எதுவும் இல்லை. ஆயுள் கணக்கு இன்னும் பெரிய வேறுபாடு. திரவ வகைக்கு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொது விதி. பாலிமருக்கு 20 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு. இரண்டும் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 65 டிகிரியில் திரவ வகைக்கு 32,000 மணி நேரம் வரும். பாலிமருக்கு 2 லட்சம்.

கொள்ளளவு விஷயத்தில் பயப்பட வேண்டாம். 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் திரவ கபாசிட்டர் இருந்த பிராசஸர் வெளியீட்டு இடத்தில் 820 மைக்ரோஃபாரட், 2.5 வோல்ட் பாலிமர் போட்டு நன்றாக ஓடும் போர்டுகள் நிறைய உண்டு. அந்த இடத்தில் ரிப்பிளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈஎஸ்ஆர்தான். ஆனால் வோல்ட் விஷயத்தில் கட்டாயம் பயப்பட வேண்டும். 2.5 வோல்ட் பாலிமர் பிராசஸர் வெளியீட்டுக்கு மட்டுமே, ஏனென்றால் அங்கே ஓடுவது பெரும்பாலும் 1.75 வோல்ட்டோ அதைவிடக் குறைவோ. பார்க்க ஒன்று போலவே இருக்கும் ரேம் பக்கத்து கபாசிட்டரில், ரேம் டிடிஆர் வகை என்றால் 2.5 வோல்ட் நிற்கும், பழைய எஸ்டிரேம் வகை என்றால் 3.3 வோல்ட். அங்கே 6.3 வோல்ட் வகைதான். உள்ளீட்டு செட்டிலும் இதே கவனம் வேண்டும். நாலு முனை 12 வோல்ட் இணைப்பு உள்ள போர்டுகளில் உள்ளீடு பெரும்பாலும் 12 வோல்ட், ஆகவே 16 வோல்ட் கபாசிட்டர். அதற்கு முந்தைய பல போர்டுகளில் 5 வோல்ட்டிலிருந்தே எடுத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் அளக்காமல் இதை முடிவு செய்ய வேண்டாம்.

பாலிமரை எங்கும் போட்டுவிடலாம் என்பதையும் நான் ஏற்கவில்லை. பழைய மின்சீராக்கிகள் (ரெகுலேட்டர்கள்) சிலவற்றின் கட்டுப்பாட்டுச் சுற்று, வெளியீட்டு கபாசிட்டரில் ஓரளவு ஈஎஸ்ஆர் இருக்கும் என்ற கணக்கில்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அது மிகவும் குறைந்தால் வெளியீடு அலைபாயத் தொடங்கும். நேரியல் ரெகுலேட்டர்களின் வெளியீட்டில் இது உண்மையான ஆபத்து. பாலிமருக்கு மின்கசிவும் அதிகம். அதனால் ஆடியோ இணைப்புக்கும், கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரியைச் சார்ந்த சுற்றுக்கும் அது ஒத்துவராது. இந்த இடங்களில் நல்ல திரவ வகையே சரி. இன்னொன்று, பாலிமர் போகும்போது உப்பி எச்சரிக்காமலே போகக்கூடும்.

உருவ அளவு எளிது. 8 மி.மீ. குறுக்களவுக்குக் கால்களின் இடைவெளி 3.5 மி.மீ., 10 மி.மீ. குறுக்களவுக்கு 5 மி.மீ. உயரத்தையும் பாருங்கள், ஹீட்சிங்க் இடிக்கக் கூடாது. வேறு பழைய போர்டிலிருந்து கழற்றிய திரவ கபாசிட்டரை மீண்டும் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எங்கே வாங்குவது என்றால், உற்பத்தியாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் மட்டும். புகழ்பெற்ற தொடர்களின் உறையைப் போர்த்திய போலிகள் நிறைய உலவுகின்றன.

நாமே செய்யலாமா?

சால்டரிங் தெரியும் என்பதற்கும் மதர்போர்டில் சால்டரிங் தெரியும் என்பதற்கும் தூரம் அதிகம். மதர்போர்டுக்குள் நாலு அல்லது ஆறு செம்பு அடுக்குகள். கபாசிட்டரின் நெகட்டிவ் கால் கிரவுண்ட் அடுக்கோடு இணைந்திருப்பதால், நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது போர்டு முழுக்கப் பரப்பிவிடும். 25 வாட் அயர்னை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் ஈயம் அசையாது. பொறுமை இழந்து கபாசிட்டரைப் பிடித்து இழுத்தால், துளைக்குள் இருக்கும் செம்புக் குழாய் காலோடு சேர்ந்து வந்துவிடும். உள் அடுக்குக்கான இணைப்பே அதுதான், போனால் போனதுதான்.

செய்யும் முறை இது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள 60 வாட்டுக்கு மேற்பட்ட அயர்ன், உளி போன்ற அகலமான முனை. காலின் மேல் ஈயம் நன்றாகப் பரவ உதவும் ஃபிளக்ஸ் தடவி, 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம்) ஈயத்தைத் தாராளமாக ஏற்றுங்கள். அது 183 டிகிரியில் உருகும். 2006க்குப் பிந்தைய போர்டுகளில் பெரும்பாலும் இருக்கும் ஈயமில்லா சால்டர் சுமார் 217 டிகிரியில்தான் உருகும். இரண்டும் கலந்தால் வேலை எளிதாகும். ஒரு காலைச் சூடாக்கி, கபாசிட்டரை மறுபக்கம் லேசாகச் சாயுங்கள். பிறகு அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாயுங்கள். நாலைந்து முறை இப்படி மாறி மாறி ஆட்டினால் தானாக வெளியே வரும்.

அடுத்தது துளையைத் திறப்பது. இங்கேதான் பலருக்குப் பொறுமை போகும். ஈயம் உறிஞ்சும் பம்ப்பில் பாசிட்டிவ் துளை ஒரே உறிஞ்சலில் திறந்துகொள்ளும், கிரவுண்ட் துளை அடம்பிடிக்கும். மறுபடி புது ஈயம் நிரப்பி, ஒரு பக்கம் அயர்னை வைத்துக்கொண்டு மறுபக்கம் துருப்பிடிக்காத எஃகு ஊசியை மெல்ல நுழைத்துச் சுழற்றினால் வழி கிடைக்கும். ஈயம் எஃகில் சுலபமாக ஒட்டாது. டிரில் வேண்டவே வேண்டாம்.

கழற்றுமுன் ஒவ்வொரு கபாசிட்டரின் திசையும் தெரியும்படி தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்டுகளில் நிழலிட்ட அரைவட்டம் நெகட்டிவ் பக்கம். ஆனால் எல்லா நிறுவனமும் அப்படி அச்சடிப்பதில்லை. சந்தேகம் வந்தால், கழற்றிய பின் எந்தத் துளை கிரவுண்டோடு இணைந்திருக்கிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

குப்பைக்குப் போகும் ஒரு போர்டில் பழகி, கிரவுண்ட் துளையைச் சேதமில்லாமல் திறக்க வந்துவிட்டால் நீங்களே செய்யலாம். வரவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது எந்தத் தொடர் போடப்போகிறார் என்று கேளுங்கள். கபாசிட்டரை நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. கழற்றியவற்றைத் திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கணக்கு பொருந்தாத போர்டுகள்

1980களின் கடைசியிலும் 1990களின் முதல் பாதியிலும் வந்த, மேற்பரப்பில் ஒட்டும் சின்ன அலுமினிய கபாசிட்டர்கள் கொண்டவை வேறு கதை. அமிகா 600, 1200, 4000, ஆப்பிளின் மேக்கின்டாஷ் எஸ்இ/30 போன்ற கணினிகளில் அவை உப்புவதில்லை, கசிகின்றன. கசியும் திரவம் செம்புப் பாதையை அரிக்கிறது. அதனால் ஓடுகிறதே என்று காத்திருப்பது அங்கே நஷ்டம்; அந்த வகை அத்தனையையும் இப்போதே எடுத்துவிட்டு, போர்டைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். 386, 486 போர்டுகளில் கபாசிட்டரைவிடப் பெரிய எதிரி, பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி. எதையும் தொடுமுன் அதை வெட்டி எடுங்கள். முதல் ஐபிஎம் பிசி காலத்துப் போர்டுகளில் 12 வோல்ட் பாதையில் இருக்கும், டான்டலம் உலோகத்தில் செய்த கபாசிட்டர்கள் ஷார்ட் ஆகி வெடிக்கும். அவற்றை மாற்றும்போது 25 வோல்ட் வகை போடுங்கள்.

மாற்றிய பின்

ஃபிளக்ஸ் எச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிராசஸரைப் போடாமலே ஒவ்வொரு செட்டிலும் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். படத்தோடு ஒப்பிட்டுத் திசையைச் சரிபாருங்கள். பிறகுதான் பிராசஸரும் மின்சாரமும். பயாஸ் திரையில் மின்னழுத்தங்களைப் பார்த்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். அதில் பிழை வந்தால் ரேம் பக்கத்து செட்டைத் திரும்பப் பாருங்கள். மெம்டெஸ்ட்டில் தேறி, பிராசஸருக்குக் கடும் வேலை கொடுக்கும்போது மட்டும் தொங்கினால், வெளியீட்டை மாற்றிவிட்டு உள்ளீட்டு செட்டை விட்டுவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.